ஆரத்தித் தட்டும் புது முட்டியும்

ராயபுரத்தில் ஓர் எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஓட்டிவிட்டேன். நோயாளிகள் எனக்கு வைத்த பெயர் ‘எக்சசைஸ் மேடம்’. வலிக்கும்போது வேறு பெயர்களும் உண்டு. அவை இங்கே வேண்டாம். முட்டி மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு என்னென்ன நடக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் லோகு அக்காவின் கதையைத்தான் சொல்வேன்.

1. மறுநாளே நிற்பது

லோகு அக்கா காசிமேட்டில் மீன் விற்பவர். வலது முட்டி தேய்ந்துபோய்விட்டது. திருவொற்றியூரில் தன் வீட்டு வாசலில் இருக்கும் இரண்டு படியைக்கூட ஏற முடியாது. கன்டெய்னர் லாரி ஓட்டும் மகன் சேகர்தான் அம்மாவை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைப்பான். தெருவே பார்க்கும். லோகு அக்காவுக்கு அது வலியைவிடப் பெரிய அவமானம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “வலி கிலி அத்தெல்லாம் வுடு மேடம். என் வூட்டுப் படிய நானே ஏறுவனா மாட்டனா, அத்த சொல்லு.”

“ஏறுவீங்கக்கா. நான் சொல்றத மட்டும் கேளுங்க.”

“நான் எங்க யாரு சொல்லி கேட்டுக்கீறேன்” என்று சிரித்தார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் வாக்கரோடு போய் நின்றேன். “இன்னா மேடம், நேத்துதான் அறுத்தாங்கோ. அதுக்குள்ள எழுந்து நில்லுன்றியே.” எல்லோரும் இப்படித்தான் திகைப்பார்கள். பெரும்பாலானவர்களைச் சீக்கிரமே நிற்கவைத்துவிடுவோம். மாத்திரை வலியைத் தாங்கும் அளவுக்குக் குறைக்கும், அடியோடு போக்காது. முட்டி வீங்கும், சூடாக இருக்கும், ஐஸ் பேக் வைப்போம். வீக்கம் முழுக்க வடிய மாதங்கள் ஆகும். முன்பே தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

2. தலையணைத் தகராறு

புது முட்டிக்குப் பெரிய எதிரி சொந்தக்காரர்களின் பாசம். லோகு அக்காவின் நாத்தனார் வசந்தா, வீட்டிலிருந்து மெத்தென்ற தலையணை கொண்டுவந்து முட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். “அண்ணிக்கு இதமா கீதும்மா.” இதமாகத்தான் இருக்கும். மடங்கியபடியே பழகிவிட்டால், பிறகு முட்டி முழுசாக நீளாது. நான் எடுப்பேன், தலை மறைந்ததும் வசந்தா வைப்பார். கடைசியில் அதே தலையணையைக் குதிகாலுக்கு அடியில் தள்ளினேன். முட்டியும் நீண்டது, வசந்தாவுக்கும் தலையணை வைத்த திருப்தி கிடைத்தது.

3. இரண்டு படி

படிக்கு ஒரு கணக்கு உண்டு. ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னால். சமதரையில் வாக்கர், பிறகு ஆபரேஷன் கால், பிறகு நல்ல கால். லோகு அக்கா மீன் ஏலம் போடும் குரலில், “ஏற நல்லது, எறங்க புச்சு” என்று வார்டே கேட்கும்படி சொல்லிக்கொண்டு பயிற்சிப் படியில் ஏறி இறங்குவார். ‘புச்சு’ என்றால் புது முட்டி போட்ட கால்.

டிஸ்சார்ஜ் அன்று நானும் உடன் போனேன். நான் சொன்னபடி சேகர் வாசலில் இரும்புக் கைப்பிடி பொருத்தியிருந்தான். தெருவே கூடியிருந்தது. வசந்தா ஆரத்தித் தட்டோடு மேலே நின்று, “அண்ணி, வலது கால வெச்சு ஏறு” என்றார்.

அவ்வளவுதான். இத்தனை நாள் பயிற்சியும் காற்றில் போயிற்று. லோகு அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த வலது காலையே முதல் படியில் வைத்துவிட்டார். முழு உடம்பையும் அந்தக் காலால் உந்திப் பார்த்தார். கால் கிடுகிடுவென்று நடுங்கியது.

“மேடம், எழும்ப மாட்டுது.”

சேகரின் இரண்டு கைகளும் பழக்கத்தில் முன்னால் வந்தன. “கைய எடுடா” என்றார் லோகு அக்கா. ஆனால் அந்த ஏலக் குரல் இல்லை, கண் கலங்கியிருந்தது. இப்போது தூக்கிவிட்டால் இவர் இனி படியைத் தொடவே மாட்டார் என்று எனக்குப் பட்டது. எனக்கும் பயம்தான்.

“வலது கால கீழ வைங்கக்கா” என்று தாங்கிப் பிடித்தேன். பிறகு மேலே பார்த்துக் கேட்டேன். “வசந்தாக்கா, படி வூட்ல சேர்த்தியா, தெருவுல சேர்த்தியா?”

வசந்தா தட்டைப் பிடித்தபடி யோசித்தார். “படி தெருவுதான். நெலைக்கு அந்தாண்டதான் வூடு.”

“அப்ப படிக்கு எந்தக் கால வெச்சா இன்னா? நெலைய தாண்டும்போது வலது கால வெக்கட்டும்.”

“அதுவும் சரிதான்” என்றார் வசந்தா. கூட்டமும் தலையாட்டியது.

இடது கால் ஏறியது, வலது கால் சேர்ந்தது. இன்னொரு படியும் அப்படியே. மேலே வாக்கரை வைத்தேன். வசந்தா ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தார். நிலைவாசலில் தாண்டுவதற்குக் குறுக்குக் கட்டை கிடையாது, தரையோடு தரையாக டைல்ஸ் போட்டது. சமதரையில் ஆபரேஷன் கால்தான் முதலில் போகவேண்டும். வாக்கரை நகர்த்தி, வலது காலை வைத்து, லோகு அக்கா தன் வீட்டுக்குள் போனார். பின்னால் சேகர் நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

லோகு அக்கா இப்போது காசிமேட்டில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார். தாழ்வான மணை இனி கிடையாது.

முட்டி மாற்றுக்கு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது இரண்டே கேள்வி. வாசலில் எத்தனை படி? ஆரத்தி எடுக்கப்போவது யார்? அவரையும் ஒருநாள் வரச்சொல்லி, பயிற்சிப் படிக்கு மேலே நிற்கவைத்துவிடுவேன்.