சிரிமான் கொடுத்தனுப்பிய கோலாக் கொட்டை

குவாங்சோ நகரத்தில் இருக்கிற ஒன்றரைக் கோடிப் பேரையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கி, டேப் ஒட்டிக் கப்பலேற்றக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். சிரிமான். மூச்சுவிட நாலு ஓட்டைகூடப் போட்டுக் கொடுப்பார். நம்பாதவர்கள் ஷியாவ்பெய் சந்தைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டின் காய்ஸ் நகரம் அவர் ஊர். ஊர்க்காரர்கள் இங்கே வாங்குகிற சரக்கைக் கட்டி அனுப்புவது தொழில். பதினோரு வருஷமாக இங்கேதான் இருக்கிறார். என் அத்தை குயிலான் அதே சந்தையில் மூன்றாம் மாடியில் செருப்புக் கடை வைத்திருக்கிறாள். நாங்கள் காரத்துக்குப் பேர்போன ஹூனான் மாகாணத்துப் பக்கம். அத்தை போடுகிற மிளகாய் ஊறுகாயைத் தின்றுவிட்டு அழாத ஆள் சந்தையில் கிடையாது. சிரிமானும் அழுதார். அட்டைத் தூசி விழுந்துவிட்டது என்றார். மறுநாளும் வந்து தின்றார், மறுநாளும் தூசி விழுந்தது. மூன்றாம் நாள் அத்தை மிளகாய் போடாமல் தனியாக ஒரு கிண்ணம் எடுத்துவைத்தாள். இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி எடுத்துவைத்ததில்லை.

நான் அவரைப் ‘பார்சல்’ என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் ‘உடையும் பொருள், கவனம்’ என்ற ஸ்டிக்கரை அவர் முதுகில் ஒட்டிவிட்டேன். சாயங்காலம்வரை அப்படியே சுற்றினார். சந்தையே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை, மெதுவாக உரித்தெடுத்தாள், சட்டை கிழியாமல்.

அவர்கள் வழக்கப்படி பெண் கேட்க, பெண்ணின் அப்பாவுக்குக் கோலாக் கொட்டை கொடுத்தனுப்ப வேண்டும்; கசப்பான கொட்டை, மென்றால் தூக்கமே வராது. அவர் வாங்கித் தின்றால் சம்மதம். சிரிமான் தன் ஊர்ப் பெரியவர் மூலம் இரண்டு தடவை கொடுத்தனுப்பினார். அத்தையின் அப்பா, கடைக் கல்லாவில் உட்காருகிற என் தாத்தா, இரண்டு தடவையும் தொடவில்லை. இரண்டாம் பொட்டலத்தைப் பெரியவர் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

“பெட்டி கட்டுறவன்மா அவன். ஒருநாள் உன்னையும் கட்டிக் கொண்டுபோயிடுவான்” என்றார் தாத்தா அத்தையிடம்.

காய்ஸில் இருக்கிற சிரிமானின் அப்பாவோ, மாதம் முடிவதற்குள் பதில் வராவிட்டால் மகன் ஊர் திரும்ப வேண்டும், அங்கே வேறு பெண் தயார் என்று போனில் சொல்லிவிட்டார். யாரையும் கேட்காமல் கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்றாள் அத்தை. அப்பா கொடுக்காத பெண்ணைக் கூட்டிப்போனால் அது திருட்டு என்றார் சிரிமான். அத்தை அந்த வாரம் முழுக்க ஜோடி மாற்றிச் செருப்பு விற்றாள்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, பொட்டலத்தில் இருந்த கோலா எப்படியோ தாத்தாவின் பாக்கு டப்பாவுக்குள் போய்விட்டது. சந்தையில் எலி அதிகம்.

தாத்தா நாள் முழுக்கப் பாக்கு மெல்லுகிறவர். அன்றைக்கு மென்றதும் அவருக்கு உட்கார முடியவில்லை. எல்லாச் செருப்பையும் இறக்கி, அளவுவாரியாக அடுக்கினார். அலமாரித் தட்டுகளைத் துடைத்தார். இந்தப் பாக்கு நல்ல சரக்கு என்றார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த சிரிமான், தாத்தாவின் பல்லில் கோலாவுக்கே உரிய ஆரஞ்சுக் காவியைப் பார்த்து நின்றுவிட்டார். ஊரில் அப்பாவுக்குப் போன் போடுங்கள் என்று நான் கையால் ஜாடை காட்டினேன். அவரும் போனை எடுத்தார். எடுத்தவர் மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு தாத்தாவின் முன்னால் குந்தினார்.

“ஐயா, நீங்க மெல்லுறது பாக்கு இல்ல. நான் குடுத்தனுப்புன கோலா. தெரியாம தின்னா அது செல்லாது. துப்பிடுங்க.”

தாத்தாவின் தாடை நின்றது. ஒரு காகிதத்தில் துப்பி, நாலாக மடித்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“சொல்லாம இருந்திருந்தா உன் காரியம் முடிஞ்சிருக்குமேப்பா” என்றார் தாத்தா.

“முடிஞ்சிருக்கும். அப்புறம் தினம் உங்க பொண்ணு முகத்துல எப்படி முழிக்கறது?”

“அவளக் கப்பலேத்துவியா?”

“எங்கே கப்பலேத்தறது, ஐயா? டீ குடிக்க ரெண்டாம் மாடிக்குக் கூப்பிட்டாலே கடையை விட்டு வர மாட்டேங்கறா.”

தாத்தா கையை நீட்டினார். “முழுசா ஒண்ணு குடு.”

சிரிமான் பொட்டலத்தில் மிச்சமிருந்ததில் நல்லதாக ஒன்றைத் தேடி இரண்டு கையாலும் கொடுத்தார். தாத்தா கடித்தார். சரியான கசப்பு என்றார், துப்பவில்லை. அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, தாத்தா துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

நம் சந்தை எலிகளுக்கு ஒரு மாலை போட வேண்டும் என்றேன் நான்.

சிரிமான் பாக்கு டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “எங்க ஊர்ல கோலாவ நகத்தாலதான் பிரிப்போம். இந்த எலி கத்தி வச்சு, ஒரே அளவா நறுக்கியிருக்கு.” பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பினார். விரல் நுனியெல்லாம் காவி.

“நான் ஊருக்குப் போயிடக் கூடாதுன்னு இந்த எலிக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை, மருமகளே?” என்றார்.