பக்கத்து வானத்து அண்ணன்

விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் வழிநடத்துவது அவளுடைய வேலை. ஜன்னல் இல்லாத அறை, எதிரே ராடார் திரை, காதில் ஹெட்போன். கூட வேலை செய்பவர்கள் அவளை "டிராபிக் போலீஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் டவுன் பஸ் ஓட்டுபவர். "எனக்காவது எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும். நீ வெறும் புள்ளிய நம்பிப் பொழைக்கிற" என்று சீண்டுவார்.

எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டில் இதே வேலையில் ஒருவர் இருந்தார். எல்லையைத் தாண்டும் விமானங்களை இருவரும் நேரடி போனில் ஒப்படைத்துக்கொள்வார்கள். இருபுறமும் ஒரே மொழிதான். அவர் கொஞ்சம் இழுத்துப் பேசுவார். முகம் பார்த்ததில்லை. ஆனாலும் அவருடைய மூட்டுவலி, இவள் பிள்ளைகளின் படிப்பு என்று நடுவே இரண்டு வார்த்தை சொந்தப் பேச்சும் ஓடும். அவருக்கு இவள் தங்கச்சி. இவளுக்கு அவர் அண்ணன்.

போர் தொடங்கியது வெகுதூரத்தில், இரண்டு சின்ன நாடுகளுக்கு நடுவே. அன்றே அந்த வானத்தை மூடிவிட்டார்கள். "யாரோ வீட்டுச் சண்டை, நமக்கென்ன" என்றார் கணவர். ஆனால் அந்த வழியே போன விமானங்கள் வேறு வழி தேடியதில் அவள் திரையில் புள்ளிகள் கூடின. அடுத்து, ஒரு தரப்புக்கு ஆயுதம் கொடுத்த நாடு தன் வானத்தை மூடியது. பிறகு மறுதரப்புக்குத் துறைமுகத்தைத் திறந்துவிட்ட நாடு. செய்தியில் நிலைமை கட்டுக்குள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவள் திரையிலோ அகலமான சாலையில் போகவேண்டிய கூட்டமெல்லாம் ஒரு சந்துக்குள் நெருக்கியடித்து வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, இது எங்க போய் முடியும்?"

"எங்க முடியும்னு தொடங்கினவனுக்கே தெரியாது தங்கச்சி. உங்க ஆளுங்க ஒரு தரப்போட சேர்ந்து கையெழுத்துப் போட்டுட்டாங்க. எங்க ஆளுங்க இன்னொரு பக்கம் பேனாவத் திறந்து வச்சிருக்காங்க."

அன்றிரவு அக்கா வெளிநாட்டில் படிக்கும் தன் மகளைப் பற்றி போனில் பேசியபோது, அவள் "இப்பவே கிளம்பி வரச் சொல்லுக்கா" என்றாள்.

"பரீட்சை இருக்கேடி."

"பரீட்சை எங்கயும் ஓடிப் போகாது. வழி இருக்கறப்பவே வரட்டும்."

அக்கா பயந்துபோய் டிக்கெட் எடுத்தாள்.

அக்கா மகள் வந்த விமானம் அண்ணனின் வானத்தில் இருந்தபோதுதான் மேலதிகாரி ஒரு ராணுவ அதிகாரியோடு அறைக்குள் வந்தார். "பக்கத்து நாடு எதிரணியில சேர்ந்துடுச்சு. இனி அந்த போனை யாரும் தொடக்கூடாது."

புள்ளி எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தது.

"சார், அதுல பயணிகள் இருக்காங்க."

"அப்படின்னு யார் சொன்னது?" என்றார் ராணுவ அதிகாரி. "ஒப்படைக்காம உள்ள வந்தா எங்க ஆளுங்க சுட்டுடுவாங்க."

அவள் போனை எடுத்தாள். "வைங்க கீழ!" என்று அவர் அதட்டியும் வைக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கமும் இதே உத்தரவு போயிருக்கும் என்று தெரிந்தும் பிடியை விடவில்லை.

கடைசியில் அண்ணன் எடுத்தார். குரலில் இழுவையே இல்லை. "தங்கச்சி, பயணி விமானம்தான். நான் பொறுப்பு. உங்க ஆளுங்களுக்குச் சந்தேகம் வராம உயரத்தைக் குறைச்சு அனுப்பறேன், வாங்கிக்க." பின்னால் யாரோ கத்துவது கேட்டது. "பிள்ளைங்களப் பத்திரமா—"

இணைப்பு அறுந்தது.

"பயணி விமானம்தான் சார், அண்ணன் சொன்னபடி உயரம் குறையுது பாருங்க" என்றாள். ராணுவ அதிகாரி அவளையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தன் வயர்லெஸ்ஸை எடுத்து, "வரட்டும், விடுங்க" என்றார்.

அக்கா மகள் பத்திரமாக இறங்கினாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. சாப்பாடு சரியில்லை என்று விமானத்தைத் திட்டினாள். அன்றைக்கே இவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். இவள் நாட்டு வானமும் மூடப்பட்டது. கணவருடைய பஸ்ஸைப் படைவீரர்களை ஏற்றிச்செல்ல எடுத்துக்கொண்டார்கள். அவர் சீண்டுவதை நிறுத்திவிட்டார்.

ஆள் போதாததால் மறுவாரமே அவளைத் திரும்ப அழைத்தார்கள். அண்ணனின் போன் இருந்த இடத்தில் வெறும் ஒயர்தான் தொங்கியது. அதே ராணுவ அதிகாரி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யாரையும் கூப்பிடாதீங்க. எது உள்ள வருதுன்னு பார்த்துச் சொன்னா போதும்."

காலியான திரையில், கடல் பக்கத்திலிருந்து புள்ளிகள் வரிசையாகக் கிளம்பின. பயணி விமானங்களைவிட வெகு வேகம். அந்தத் திசையில் இருந்தது, இதுவரை இந்தச் சண்டையில் சேராத நாடு.

"சார்," என்றாள். "அவங்களும் வந்துட்டாங்க."