மேனேஜர் தேர்ந்தெடுத்த புலி

பாழடைந்த கட்டடத்தைக் கண்டால் உருகிப்போகிறவர்கள் இப்போது ஊரில் பெருகிவிட்டார்கள். காரை பெயர்ந்த சுவரைப் படம் பிடித்துக் கண்காட்சி வைக்கிறார்கள், பணக்காரர்கள் குடியிருக்கும் ஒயிட் டவுனிலிருந்து நாலு பேர் வந்து தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். தட்டாஞ்சாவடியில் மூடிக்கிடந்த சாயப்பட்டறைக்குள் நான் கேமராவோடு நுழைந்தது அந்த மாதிரி ஆசையில் அல்ல. கூலிக்குப் போனேன்.

பி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாக இருந்த காலம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். அத்தனை படிப்பையும் வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்களின் மோவாயை நிமிர்த்திவிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பட்டறை மூடுவதற்கு முன்னால் தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பொழுது போகாமல், மீந்த சாயத்தைக் கஞ்சிப் பசையில் குழைத்துச் சுவர் முழுக்க வரைந்து தள்ளினார்கள். பிறகு பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. இரண்டு வருஷம் கழித்து முதலாளி அதே சாலையில் புதுப் பட்டறை திறந்தார். பழைய ஆட்களை எடுப்பதாக ஒப்புக்கொண்டார். குறுக்கே விழுந்தது மேனேஜர்தான். தன்னைச் சுவரில் கேவலமாக வரைந்திருக்கிறார்கள் என்று அவர் காதுக்கு எட்டியிருந்தது, வரைந்தவனை மட்டும் உள்ளே விட மாட்டேன் என்றார். அவர் குறி வைத்தது என் சித்தப்பாவை. சாய அறைச் சாவி சித்தப்பாவிடம்தான் இருந்தது.

தொழிலாளர் அதிகாரி ஆதாரம் கேட்டார். ஆதாரத்தைப் படம் பிடிக்க எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார் மேனேஜர். நான் யார் வீட்டுப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. பெட்டி தூக்குகிறவனிடம் அதெல்லாம் யார் கேட்பார்கள்?

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். "உடம்பு சரியில்லன்னு சொல்லிடட்டுமா, சித்தப்பா?"

"நீ போவலன்னா வேற எவனாச்சும் போவப் போறான். போய் எடு."

"கொக்கு இருக்குதே."

"வாய மூடு, பக்கத்து வூட்டுக்குக் கேக்கப் போவுது."

மேனேஜருக்குப் பட்டறையில் கொக்கு என்று பெயர். ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றிக்கொண்டு, எவன் பீடி பற்ற வைக்கிறான் என்று மணிக்கணக்கில் அசையாமல் நிற்பார். பற்ற வைத்ததும் கொத்துவார். அந்தக் கொக்கைத்தான் சித்தப்பா வரைந்திருந்தார். இது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும், கொக்கைத் தவிர.

மறுநாள் வாட்ச்மேன் பூட்டைத் திறந்தார். புறா எச்சமும் துருவும் கலந்த நாற்றம். மேனேஜர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். துருப்பிடித்த சாயத்தொட்டிகளுக்கு மேலே, உடைந்த கூரை வழியாக விழுந்த வெயிலில் சுவர்கள் பளிச்சென்று தெரிந்தன. உதடு சிவந்த சினிமா நடிகைகள். வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டு ஆள் ஒருவர் வரைந்த வஞ்சிர மீன், உடம்பெல்லாம் பட்டைக் கோடுகளோடு. பட்டினி நாட்களில் யாரோ வரைந்த தலைவாழை இலைச் சாப்பாடு. வடை மட்டும் ஏழெட்டு இருந்தது. தீப்பெட்டிப் படத்தைப் பார்த்து எவனோ எழுதிய புலி, வாய் நிறையப் பல். அதற்கு எதிர்ச் சுவரில் ஆள் உயரக் கொக்கு. ஒரு கால் மடக்கி, இடுப்பில் சாவிக்கொத்து தொங்க, கழுத்தை நீட்டி நின்றது. அவ்வளவு சுவரிலும் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். இருபது வருஷம் வெறும் துணியை முக்கிக்கொண்டிருந்த மனுஷன் வரைந்தது.

மேனேஜர் ஒவ்வொரு சுவராகத் தன்னைத் தேடிக்கொண்டு போனார். கொக்கின் எதிரில் நின்றார்.

"இது என்னய்யா?"

"கொக்குங்க சார்," என்றார் வாட்ச்மேன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"கொக்குன்னு எனக்குத் தெரியாதா? இத எதுக்கு வரைஞ்சான்?"

"ஏரிப் பக்கத்து ஆளா இருப்பான் சார்."

மேனேஜர் நகர்ந்தார். புலியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கைக்குட்டையை எடுத்துவிட்டார். "இதோ! இதான் நான். பாரு, என்னமா வரைஞ்சி வெச்சிருக்கானுங்க. இத நாலு பக்கமும் எடு."

"அந்தக் கொக்கு சார்?" வாய் தவறி வந்துவிட்டது.

"ஃபிலிம் உங்கப்பன் வூட்டுதா?"

புலியை எடுத்தேன். பாதி ரோல் புலிக்கே போயிற்று.

விசாரணை தொழிலாளர் அதிகாரியின் அறையில் நடந்தது. படங்களைக் கொடுக்க வந்தவன் என்ற சாக்கில் கதவோரம் நின்றேன். சித்தப்பா சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி புலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல உங்கள எங்க சார் கேவலப்படுத்தியிருக்காங்க?"

"இதான் சார் நான்."

"புலியா?"

"ஆமாம்."

"புலின்னு வரைஞ்சா அது கேவலமா, மரியாதையா?"

மேனேஜர் யோசித்தார். கேவலம் என்றால் தான் புலி இல்லை என்றாகிவிடும். அந்த நஷ்டத்தைத் தாங்க அவரால் முடியவில்லை. "மரியாதைன்னே வெச்சிக்கலாம்," என்றார்.

அதிகாரி சித்தப்பாவிடம் திரும்பினார். "என்னய்யா சொல்ற? இவருதானா புலி?"

அறைக்கு வெளியே நின்ற பழைய தொழிலாளிகளில் ஒருவன் இருமத் தொடங்கினான். கொக்கு என்கிற சொல் சித்தப்பாவின் தொண்டையில் நிற்பது எனக்குத் தெரிந்தது. சொன்னால் வேலை போய்விடும். அவர் எழுந்து நின்றார்.

"ஆமாங்க சார். ஐயாதான் புலி. மரியாதையா வரைஞ்சதுங்க."

"நீயா வரைஞ்ச?"

"நான்தாங்க."

இதைக் கேட்டு ஒரு நல்ல ரசிகனைப் போலத் தலையை ஆட்டினார் மேனேஜர். அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொன்னார்கள். வெளியே வந்ததும் இருமியவன் கேட்டான்: "இன்னா மச்சான், தீப்பெட்டிப் புலிய உன் புள்ளையாக்கிட்டியே?"

"சும்மா கெட," என்றார் சித்தப்பா.

பழைய பட்டறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

முதல் வாரம் சித்தப்பா சாயத்தொட்டிப் பக்கமே போகவில்லை. மேனேஜர் சொன்னபடி புது கேட்டின் மேல் சாரம் கட்டி ஏறி, வரிவரியாகப் புலி எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குப் புலி வராது. பூனை போல வந்தது. மேனேஜர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். ஏதோ குறைகிறது என்றார். கடைசியில் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சாரத்தின் மேலே நீட்டினார்.

"இதப் பாத்து அதுக்கும் ஒண்ணு போடு. இல்லன்னா யாருன்னு எவனுக்குத் தெரியும்?"

சித்தப்பா குனிந்து அதை வாங்கி, இரண்டு கையாலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்.