விடிகாலைப் புட்டியில் மணல்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இதைச் சத்தம் போட்டுச் சொல்ல முடியாது. அடுத்தவர் மூத்திரத்தைக் காய்ச்சிச் சோறு தின்றவன் நான். யுத்த காலத்தில் செஞ்சியில், கோட்டைக்குப் போகிற பாதையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே சோதனை அறைக்கு நான்தான் ஆள். படிப்பு மூன்றாம் வகுப்பு. புட்டி கழுவணும், ஸ்பிரிட் விளக்கு ஏற்றணும், கண்ணாடிக் குழாயில் கண்ட நிறத்தை டாக்டரிடம் சொல்லணும். அவ்வளவுதான். புட்டியைக் கொடுத்துவிட்டு, என்ன வருமோ என்று பெஞ்சில் நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள் இல்லையா? கதவுக்கு உள்பக்கம் இருந்த எங்களுக்கும் அதே கதிதான்.

செங்கல் நிறம்

சர்க்கரை வியாதி பார்க்க, நீல மருந்தில் சில சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்சுவோம். நீலமாகவே நின்றால் ஆள் தப்பித்தார். பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் மாட்டிக்கொண்டார். அனந்தபுரத்து விவசாயி ஒருவருக்கு இரண்டு வாரமும் நல்ல சூளைச் செங்கல் நிறம். டாக்டர் அவர் சோற்றை நிறுத்தினார். மனுஷர் பாதியாகிவிட்டார்.

மூன்றாம் வாரம் புட்டியை மூக்கருகே கொண்டுபோனேன். மலைத்தேன் வாசனை! முந்தின இரண்டு தடவையும் அப்படித்தானாம், வீட்டில் காலியான தேன்புட்டி. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியானேன். "கழுவித்தானே கொண்டாரணும்?" என்று விவசாயியைக் கேட்டேன்.

"தேன் இருந்த புட்டி சுத்தம்தானே? அதப் போயி இன்னாத்துக்குக் கழுவணும்?"

தண்ணீர் இல்லாமல் ஒரு மாத்திரை

அன்றிலிருந்து புட்டிகளை ஆஸ்பத்திரியே கொடுத்தது. ஒவ்வொன்றிலும் ஆற்று மணல் போட்டுக் குலுக்கிக் கழுவி வைப்பேன். அந்தச் சமயத்தில்தான் மேல்சித்தாமூரிலிருந்து ஒரு ஜைனப் பெரியவரை வண்டியில் கொண்டுவந்தார்கள். நயினார் என்போம். நெல் வியாபாரி. நிமோனியா, மூச்சு துருத்தி மாதிரி வாங்குகிறது. கூடவே அவர் சம்சாரம் பத்மாவதியம்மாள். அப்போது சல்பா மாத்திரை புதுசு, கிடைப்பதே அருமை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம், ராத்திரியிலும் கொடுக்கணும். "தண்ணி நிறையக் குடிக்கணும். இல்லேன்னா மாத்திரை சிறுநீரகத்துல உப்பாப் பூத்து அடைச்சுடும்" என்றார் டாக்டர்.

இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் இடுப்பு வலி. மூத்திரம் பாதியாகக் குறைந்து, செம்பு கழுவின தண்ணீர் மாதிரி வந்தது. அது அடியோடு நின்றால் ஆள் பிழைக்க மாட்டார். மாத்திரையை நிறுத்தினால் நிமோனியா திரும்பும். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றால் "குடிக்கிறேன்" என்கிறார். நயினார் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் ராத்திரி மாத்திரையை அவர் வெறும் வாயில் மென்று விழுங்குவதை நானே பார்த்தேன். பொழுது சாய்ந்தால் சோறும் தண்ணீரும் தொடுவதில்லை என்பது அவர் விரதம். டாக்டர் பேச்சையும் மீறவில்லை, விரதத்தையும் மீறவில்லை.

"மருந்துக்கு விரதத்துல எடம் இருக்குதப்பா, தண்ணிக்கு இல்ல."

யார் போட்ட மணல்

இதை டாக்டரிடம் சொல்லப் போகும்போது கையோடு புட்டிகளையும் எடுத்துப் போனேன். சாயங்காலப் புட்டி தெளிவு. விடிகாலைப் புட்டியின் அடியில் பொடி மணல். டாக்டர் ஆட்டிப் பார்த்துவிட்டு, "மணல் போட்டுக் கழுவுறது நீதானே? அன்னிக்குத் தேன், இன்னிக்கு மணல்!" என்றார். தேன்புட்டிக்குப் பிறகு என் வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை. வெறும் வெந்நீரில் மூன்று தரம் கழுவிக் கொடுத்தேன். மறுநாளும் மணல். டாக்டர் நம்பவில்லை.

பத்மாவதியம்மாள் தன் துணிமூட்டையை அவிழ்த்தார். அவர்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். பழைய வடிதுணி ஒன்றை எடுத்தார். அடுத்த விடிகாலை, புட்டியே இல்லாமல், புருஷன் மூத்திரத்தைச் சூடு ஆறும் முன்னே பீங்கான் சட்டியிலிருந்து நேராக அதில் வடிகட்டினார். துணியை டாக்டர் மேஜையில் விரித்தார். அதில் அதே பொடி மினுமினுவென்று கிடந்தது. டாக்டர் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மணல் இல்லை, ஊசி ஊசியாய் மாத்திரை உப்பு. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அந்தம்மாள்தான் பேசினார்.

"புள்ளாண்டான் மேல பழி வேணாம் டாக்டர். எங்க ஊட்டுக்காரர் மேனியிலேர்ந்து வந்தது இது."

மலைக்குப் பின்னால் போன பொழுது

"ராத்திரி தண்ணி குடிக்கணும், இல்ல மாத்திரையை நிறுத்தணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நயினார், "நிறுத்துங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான் என்று நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அந்தம்மாள் கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஜன்னல் மேற்கே பார்த்தது. அங்கே ராஜகிரி. சூரியன் அந்த மலைக்குப் பின்னால் இறங்கியதுமே நயினார் வாயைக் கொப்பளித்துவிட்டுப் படுத்துவிடுவார். அம்மாள் என்னைக் கூப்பிட்டுக் கட்டிலை, வடக்கு வாசல் வழியாகத் தெரிகிற கிருஷ்ணகிரி மலையைப் பார்க்கத் திருப்பச் சொன்னார். ராஜகிரி பக்கம் பொழுது போயும், கிருஷ்ணகிரி உச்சிக் கோட்டைச் சுவரில் வெயில் பளபளவென்று இருந்தது. டாக்டரிடம் ஓடி, ராத்திரி மாத்திரைகளை அந்த வெயில் இருக்கும்போது ஒன்றும், விடிந்ததும் ஒன்றுமாக மாற்றக் கேட்டார். "காய்ச்சல் ஏறினா என்னைக் கேக்கக் கூடாது" என்று முனகிவிட்டு, டாக்டர் படிந்த உப்பைக் கரைக்கச் சோடா உப்பையும் சேர்த்துக் கொடுத்தார். அம்மாள் இரண்டு சொம்பு தண்ணீரோடு புருஷன் பக்கத்தில் நின்றார்.

"மலை மறைச்சா பொழுது போச்சா? நம்மூர்ல மலை ஏது? அங்க இன்னும் வெயில் அடிக்குது, குடிங்க!"

கடைசி வடிகட்டல்

நயினார் சுவரைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், குடித்தார். மூன்று சாயங்காலம் இப்படியே. காய்ச்சல் ஏறவில்லை. நாலாம் விடிகாலை மூத்திரம் பழையபடி நிறைய வந்தது. அம்மாள் வடிகட்டித் துணியை வெளிச்சத்தில் பிடித்தார். டாக்டரும் நானும் தலை இடிக்கக் குனிந்து பார்த்தோம். வெள்ளைத் துணி, வெறும் துணி.

டாக்டர் என்னிடம், "உன் புட்டியிலயும் ஒண்ணு பிடிச்சுப் பார்த்துடு" என்றார். இங்கிலீஷ் படித்த டாக்டரும் மூன்றாம் வகுப்புப் படித்த நானும் சோதனைக்குத் தயாராக நிற்க, பத்மாவதியம்மாள் என் கையிலிருந்த புட்டியை வாங்கி, தானே இன்னொரு தரம் கழுவிக் கொடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஊர் திரும்ப வண்டி கட்டச் சொல்லப் போனார்.