ஆளுக்கு முப்பது கிலோ

எங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் கைத்தராசு ஒன்று தொங்குகிறது. கொழும்புக்குப் போய்வருகிற எல்லாத் தமிழ் வீடுகளிலும் இருக்கும் சாமான்தான். மேலே ஒரு கைப்பிடி, கீழே பெட்டியைக் கொழுவ ஒரு கொக்கி, நடுவில் கிலோவைக் காட்டும் சின்னக் கண்ணாடி. நான் அதை வாங்கவில்லை, வீட்டோடு வந்தது. சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில் நான் மனைவி பிள்ளையோடு இப்போது இருக்கும் இந்த வீட்டில் இருபது வருடங்களுக்கு மேல் அக்காவும் அத்தானும் இருந்தார்கள். போகும்போது தராசை மறந்து விட்டுவிட்டுப் போனார்கள் என்றுதான் வருகிறவர்களுக்குச் சொல்வேன். அது பொய். அத்தான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. தராசுக்கும் ஒரு பாரம் இருக்கிறது என்று சொல்லித்தான் அதை ஆணியிலேயே விட்டார்.

அத்தான் ஆஸ்பத்திரிக் குசினியில் முப்பது வருடம் பாத்திரம் கழுவினவர். நீராவிக்குள்ளேயே நின்று நின்று கண் மங்கி, முழங்கால் தேய்ந்து, ஓய்வு கிடைத்த அன்றே சாய்மனைக் கதிரையில் படுத்து அமெரிக்கக்காரரின் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினார். பிக்கப் வண்டியின் முதுகில் கொழுவி இழுக்கிற பெரிய பெரிய வீட்டு வண்டிகள். ஐந்தாம் சக்கரம் என்று அதற்குப் பெயராம். வயதுபோன புருசன் பெண்சாதி வீட்டை விற்றுவிட்டு அதற்குள்ளேயே குடியிருந்து ஊர் ஊராகத் திரிவார்கள். அத்தானுக்கு அது பிடித்துவிட்டது. நூறு வீடியோ பார்த்த பிறகுதான், அந்த மாதிரி வண்டியை இழுக்க இந்த நாட்டில் அவருடைய சாதாரணக் கார் லைசன்ஸ் காணாது என்று தெரிந்தது. அதற்காக மனிதர் ஆசையை விடவில்லை, வண்டியின் அளவைத்தான் குறைத்தார். காருக்குப் பின்னால் இழுக்கக்கூடிய சின்ன வீட்டு வண்டி, இங்கத்தைப் பெயரில் வோன்வாகன், ஒன்றை வாங்கி, சோலோதுர்ன் பக்கம் ஆற்றங்கரையில் வருடம் முழுக்கக் குடியிருக்க விடுகிற கம்பிங் திடல் ஒன்றில் நிறுத்துவது. பிறகு இத்தாலி, ஸ்பெயின். அக்காவை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அக்கா ஓம் என்றுதான் சொல்லியிருப்பா, பாவி.

அக்காவுக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று இருந்தது ஒரு தையல் மெசின். பிள்ளைகள் இல்லை. பிள்ளை என்று சொன்னால் அது நான்தான். அம்மா செத்த பிறகு பதினொரு வயதில் என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டெடுத்தவ அவதான். சின்ன அறையில் ஒரு பக்கம் என் கட்டில், மறுபக்கம் யன்னலோரம் மெசின். திரிம்பாக் கோயில் திருவிழா வருகிறதென்றால் ஒரு மாதத்துக்கு முன்பே பேர்ணிலிருந்தும் அதற்கு அங்காலிருந்தும் பெண்கள் துணியோடு வந்துவிடுவார்கள். அளவெடுப்பார்கள், தேத்தண்ணீர் குடிப்பார்கள், மாமியாரைத் திட்டுவார்கள், சிரிப்பார்கள். அந்த அறைக்குள் அத்தான் வரமாட்டார். அந்த வீட்டில் அக்கா வாய்விட்டுச் சிரித்ததை நான் கேட்டது அங்கே மட்டும்தான். மெசின் இல்லாவிட்டால் அக்கா யாரோடும் கதைக்காத ஒரு மனுசி. இது எனக்கு மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் வேலை மொழிபெயர்ப்பு. சம்பளத்துக்கு இல்லை, வீட்டுக்கு. பள்ளிக்கூடத்தில் டொச், அதாவது ஜெர்மன் பாசை, பிடிபட்ட நாளிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த கடிதம், டொக்டர் சொன்னது, வீட்டு நிர்வாகம் சொன்னது எல்லாம் என் வாயால்தான் தமிழாகும். வெள்ளைக்காரன் பத்து நிமிடம் சொல்வதை நான் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு விளையாட ஓடுவேன். பெரியவனான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சுருக்கிச் சொல்வதை ஒரு கெட்டித்தனமாகவே நினைத்துக்கொண்டேன். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்த வசந்தத்தில் என் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. நாங்கள் இருந்தது ஓர் அறை வீடு. அத்தான் வோன்வாகன் கதை தொடங்கியதுமே அக்காவின் வீட்டை என் பெயருக்கு மாற்ற நிர்வாகத்திடம் பேசி வைத்தேன். இந்த வாடகைக்கு இப்படி ஒரு வீடு பேர்ண் பக்கத்தில் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. அவசரக்குடுக்கை நான், எங்கள் ஓர் அறை வீட்டை விடுவதாகவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மாதக் கடைசியில் நாங்கள் வெளியேற வேண்டும். அதற்குள் அக்காவும் அத்தானும் போயிருக்க வேண்டும்.

சோலோதுர்னுக்கு வெளியே ஒரு விற்பனைத் திடலுக்குப் போனோம். அத்தான் சுற்றிப் பார்த்து இரண்டு வண்டிகளைத் தெரிந்தெடுத்தார். ஒன்று இலேசானது, மற்றது கனமானது. தடித்த தரை, இரட்டைக் கண்ணாடி யன்னல், முன்பக்கம் வெளிச்சம் விழுகிற இடத்தில் அகலமான ஒரு மேசை. அக்கா உள்ளே ஏறி அந்த மேசைக்கு முன்னால் இருந்தா. இரண்டு உள்ளங்கையையும் விரித்து மேசையில் வைத்து, துணியை ஊசிக்குக் கொடுக்கிற மாதிரி மெல்ல முன்னால் தள்ளினா. தனக்கே தெரியாமல் செய்திருக்க வேண்டும், நான் பார்க்கிறேன் என்று கண்டதும் கையை மடியில் போட்டுக்கொண்டா. பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னா: “தம்பி, இந்த மேசை இருக்கிறதைப் பற்றி ஒருக்கா வடிவாக் கேள்.”

கேட்டேன். விற்பனைக்காரர் வயதான மனிதர், தொழிலில் நேர்மையானவர். ஓடித் திரியப் போகிறீர்களா, ஓரிடத்தில் நிற்கப் போகிறீர்களா என்று முதலில் கேட்டார். இரண்டு வருடத்துக்கு நிற்கும், பிறகு ஸ்பெயின் என்று அத்தான் சொன்னதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நெடுநேரம் கதைத்தார். நிற்பதென்றால் அந்த மற்ற இலேசான வண்டியை நினைத்தும் பார்க்க வேண்டாம், அது கோடைக்குச் செய்தது, குளிர்காலத்தில் தரை விறைத்துப்போகும், மெத்தை நனையும். எடைக்கட்டுப்பாடு என்பது றோட்டில் ஓடும்போது மட்டும்தான். கம்பிங்கில் நின்றுவிட்டால் விரும்பிய பாரத்தைப் பிறகு காரில் கொண்டுவந்து ஏற்றலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். மேசை உள்ளதையே எடுங்கள். ஒரேயொரு விசயம், இது காட்சிக்கு வைத்தது, புதிது வர மூன்று மாதம் எடுக்கும். இலேசானதை இந்தக் கிழமையே தரலாம்.

மூன்று மாதம். என் பிள்ளை அதற்குள் பிறந்துவிடும். நான் அத்தானின் பக்கம் திரும்பி, “ரெண்டும் நல்லதாம் அத்தான். இலேசானது இந்தக் கிழமையே கிடைக்குமாம்” என்றேன். அத்தானின் முகம் மலர்ந்தது. அக்கா என்னைப் பார்த்தா. “அவ்வளவுதானோ சொன்னவர்?” என்று கேட்டா. ஓம் அக்கா, அவ்வளவுதான் என்றேன்.

அந்த இலேசான வண்டியின் பத்திரத்தில், ஏற்றக்கூடிய பாரம் இருநூற்றுச் சொச்சம் கிலோ என்று இருந்தது. அத்தான் அதை விமானப் பயணம் மாதிரி விளங்கிக்கொண்டார். ஆளுக்கு முப்பது கிலோ. மிச்சமெல்லாம் பொது. காஸ், தண்ணீர், முன்கூடாரம் பொது, சரி. அவருடைய தொலைக்காட்சிப் பெட்டியும் பொதுவாம், சுத்தியலும் குறடும் கிடக்கிற ஆயுதப் பெட்டியும் பொதுவாம், சாய்மனைக் கதிரையும் பொதுவாம். தராசை அவர் தூக்கிப் பிடிப்பார். கண் மங்கல் என்பதால் எண்ணை வாசித்துச் சொல்வது நான். மெசின் மட்டும் பதினாறு கிலோ. அக்கா அதை முதலில் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் அதற்கேற்ற மாதிரிக் கழிக்கத் தொடங்கினா. சாறிகளில் நான்கை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டிப் போட்டா. சாமிப் படங்களின் சட்டத்தையும் கண்ணாடியையும் உடைத்து எடுத்துவிட்டு வெறும் தாளைச் சுருட்டி வைத்தா. ஒன்றரைக் கிலோ கூட என்று நான் வாசித்தபோது மெசினின் மரமூடியைக் கழற்றி ஓரமாக வைத்தா. இருபத்தொன்பது புள்ளி நாலு. அக்காவின் முகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை பாசாகிவிட்ட மாதிரி ஒரு சந்தோசம்.

அப்போது அத்தான் குசினிக்குள் போய் சோத்துப் பானை, குக்கர், தோசைக்கல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். பொதுவில்தானே என்று அக்கா கேட்டா. சமையல் ஆருடைய வேலை என்று அவர் திருப்பிக் கேட்டார். பையைக் கொக்கியில் கொழுவினார். எட்டு கிலோ, நான் வாசித்தேன். “மெசினோ பானையோ, நீரே முடிவெடும். நான் ஒண்டும் சொல்லேல்லை” என்றார். அக்கா சண்டை பிடிக்கவில்லை. குனிந்து மெசினைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, மூடியை எடுத்து அதன்மேல் சரியாகப் பொருத்தினா. கீழே நிலவறையில், கெல்லரில் ஒரு மூலையில் இருக்கட்டும், பிறகு எடுக்கிறன் என்று என்னிடம் சொன்னா. அத்தானைக் கொடுமைக்காரன் என்று நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவராவது தனக்குத் தெரிந்த கணக்கின்படி நடந்தார். எனக்கு உண்மை தெரியும். நிற்கிற வண்டிக்குப் பாரம் ஒரு பொருட்டே இல்லை என்று தெரிந்துகொண்டே கண்ணாடியைப் பார்த்து எண் வாசித்தவன் நான். ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொன்னால், அன்று திடலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. அதனால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வண்டி ஆற்றங்கரைக் கம்பிங்கை விட்டு இன்றுவரை அசையவில்லை. முதல் குளிரிலேயே தரை விறைத்தது. மெத்தைக்கு அடியில் தண்ணீர் ஊறி, அக்கா காட்போட் மட்டைகளை விரித்துப் படுத்தா. தைக்கக் கேட்டு வந்த பெண்களுக்கு இப்ப இல்லை, பிறகு பாப்பம் என்று சொல்லிச் சொல்லி, அவர்களும் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். நான் மூன்று தடவை போயிருப்பேன். போகிற நேரமெல்லாம் அத்தான் சாய்மனையில் ஸ்பெயின் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார், அக்கா அடுப்படியில் சுவரைப் பார்த்து நிற்பா.

கெல்லரில் பிள்ளையின் தள்ளுவண்டிக்கு இடம் தேவைப்பட்டது. ஒரு சனிக்கிழமை மெசினைத் தூக்கி றோட்டோரம் வைத்து, இந்த ஊர் வழக்கப்படி ‘இலவசம்’ என்று டொச்சில் ஒரு தாள் ஒட்டினேன். அரை மணித்தியாலத்தில் ஆரோ ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யன்னலால் பார்த்தேன். எடுத்தவர்களுக்குப் பிரயோசனப்படும் என்று மனைவிக்குச் சொல்லவும் செய்தேன்.

மகளின் இரண்டாவது பிறந்தநாளுக்கு அக்கா தனியாக ரயிலில் வந்தா. மெலிந்திருந்தா, ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம். பக்கத்து வண்டியில் ஒரு சுவிஸ் கிழவி இருக்கிறாவாம். அவவோடு கதைத்துக் கதைத்து அக்காவுக்கு டொச் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது. கிழவியின் வண்டிக்குள் இரும்பு அடுப்பாம், உடுப்புத் தோய்க்கிற மெசினாம். இவ்வளவு பாரத்துக்கு எப்படி விட்டவர்கள் என்று அக்கா கேட்க, கிழவி சிரித்துவிட்டாவாம். நிற்கிற வண்டிக்குப் பாரக் கணக்கு எதற்கு என்றாவாம். இதைச் சொல்லிவிட்டு அக்காவும் சிரித்தா, அந்த யன்னலோரச் சிரிப்பு. “என்ர மெசினை ஒருக்கா மேல கொண்டு வா தம்பி. இண்டைக்குக் கையோட கொண்டு போறன்.”

இல்லை என்று சொன்னேன். வெளியில் வைத்தேன், ஆரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். இந்த முறை சுருக்க ஒன்றும் இருக்கவில்லை. அக்கா அழுவா என்று நினைத்தேன், அழவில்லை. முன்னால் இருந்த பிறந்தநாள் கேக் தட்டைத் தள்ளி வைத்தா. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னா:

“அந்த மனுசன் அண்டைக்கு எவ்வளவு நேரம் கதைச்சவர். நீ ரெண்டு வசனம்தானே சொன்னனீ.”

மனைவிக்கு எதுவும் விளங்கவில்லை. அவள் கேக், கட்லட், ஒரு புதுச் சாறி எல்லாம் போட்டு ஒரு பை கட்டி அக்காவிடம் கொடுத்தாள். அக்கா பையை வாங்கிக்கொண்டு குசினிக் கதவுப் பக்கம் போனா. ஆணியிலிருந்து தராசை எடுத்து, பையைக் கொக்கியில் கொழுவித் தூக்கி, கண்ணாடியை என் பக்கம் திருப்பிப் பிடித்தா. வாசிக்கச் சொல்கிறா என்று விளங்கியது. மூன்று புள்ளி இரண்டு என்று வாசித்தேன்.

“வேண்டாம் தம்பி. என்ர முப்பதும் முடிஞ்சுது” என்றா. பையைக் கழற்றி நிலத்தில் வைத்தா, தராசைத் திரும்ப ஆணியில் கொழுவினா, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டா. அதற்குப் பிறகு என் தொலைபேசிக்கு அவ பதில் சொல்வதில்லை.

போன மாதம் கொழும்புக்குப் போகப் பெட்டி கட்டினோம். கதவுக்குப் பின்னால் இருக்கிற தராசை எடுத்துவரச் சொன்னாள் மனைவி. அது பழுது, குளியலறைத் தராசில் நிறுப்போம் என்றேன். அவள் சரி என்றாள். அவ்வளவுதானோ என்று கேட்கவில்லை.