மனு அறையின் கம்பிவலை

கம்பிவலையில் மூக்கை அழுத்தினால் துருவின் வாசனை தொண்டைவரை இறங்கும். வீடு திரும்பிச் சோறு தின்னும்போதும் நாக்கில் அதுவே இருக்கும். திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து வாரம் ஒருமுறை அம்மாவும் நானும் ஜெயிலுக்கு ‘மனு பார்க்க’ப் போவோம். பார்க்க வேண்டிய கைதியின் பேரை எழுதி மனுக் கொடுத்துக் காத்திருந்தால் கூப்பிடுவார்கள். இருட்டில் எங்கள் முன்னால் ஒரு வலை, கை நீளம் தள்ளி இன்னொரு வலை, அதற்கப்பால் ஜன்னல் வெளிச்சத்தில் என் அப்பா, நைனா.

மீன்வலைத் தகராறில் அடுத்த குப்பத்து ஆளின் மண்டையை உடைத்தது என் சித்தப்பா. அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. போலீசுக்கு யார் பேரைக் கொடுப்பது என்று ஊர்க்கூட்டம் முழித்தபோது, “எம் பேர எய்திக்கோ” என்று எழுந்தவர் நைனா.

பள்ளிக்கூடத்தில் என்னை ‘ஜெயிலு பொண்ணு’ என்றார்கள். அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்துவைத்து ஒருநாள், நைனா “பாப்பா, பாப்பா” என்று கத்தக் கத்த, காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். அடுத்த மனுவுக்குள் காய்ச்சலில் உள்ளேயே செத்துப்போய்விட்டார். கடைசியாக அவர் பார்த்தது என் முதுகை என்ற நினைப்பு, கல்யாணமாகியும் பிள்ளை பெற்றும் என்னை விடவில்லை.

ஜெயிலை மூடி, இடிப்பதற்கு முன் சில நாள் சனங்களைச் சுற்றிப் பார்க்க விட்டபோது கேமராவோடு போனேன். தூக்குமேடை முன்னால் குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மனு அறையைத் தேடிப் போய், முதன்முறையாக நைனா நின்ற பக்கம் நின்று, என் வீட்டுக்காரரை எதிர்ப்பக்கம் அனுப்பினேன்.

“வந்துட்டியா?”

“எப்பவோ வந்து இளிச்சிகினு நிக்கிறேம்மே, எடு!”

ஆள் தெரியவில்லை. வெளிச்சம் பட்டு என் பக்கத்து வலை பளபளத்தது. அதற்குப் பின்னால் வெறும் கறுப்பு, அதிலிருந்து ஒரு குரல். படத்திலும் அவ்வளவுதான் விழுந்தது.

நைனா என் முதுகைப் பார்க்கவேயில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். மறுகணம்தான் உறைத்தது. முகத்தையும்தான் பார்க்கவில்லை, அங்கே ஒருநாளும்.

இன்று அங்கே வேறு கட்டடம். பழைய சுவரின் ஒரு செங்கல்கூட இல்லை. நான் ஒளித்துவைத்திருந்த அந்தப் படத்தைப் போன வாரம் அம்மா பீரோவிலிருந்து எடுத்து, வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள்.

“அந்தாண்ட நின்னா நாம தெரிய மாட்டோம்னு எனுக்குத் தெரியும்டி. ‘பாப்பா இன்னா பண்றா’ன்னு ஒன் நைனா கேட்டுகினே இருக்கும். மஞ்சப் பாவாட கட்டிகினு கீறா, பல்லு வியுந்துட்சின்னு நான்தான் கத்துவேன்.”

“நான் திரும்பிகினு நின்னேனே, அன்னிக்கி?”

அம்மா படத்தின் கறுப்பை விரலால் தடவினாள்.

“சிரிச்சிகினு கீறான்னு சொன்னேன்.”