பெட்டி இல்லாமல் வந்த மீன்காரன்

சூறாவளி அடித்த அடுத்த வருடம் எனக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் ஊர் முஸ்லிம்களிடம் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். நானும் கல்முனையில் மாமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பெட்டியில் மேலே புதுச் சாரன்களும் சேட்டுகளும் இருந்தன. அடியில் பழைய வெள்ளைத் துணியைத் துண்டு துண்டாகக் கிழித்து மடித்து வைத்திருந்தேன். எதற்கென்று யாராவது கேட்டால் கரும்பலகை துடைக்க என்று சொல்ல ஆயத்தமாக இருந்தேன். கணக்கு வாத்தியாருக்கு அந்தப் பொய் பொருந்தும்தானே.

உண்மையில் எனக்குப் பெருங்குடலில் புண். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை கக்கூசுக்கு ஓட வேண்டும். சளியும் இரத்தமுமாகப் போகும். சில நாட்களில் ஓடிப் போய்ச் சேருமுன்னே சாரன் நனைந்துவிடும். அதற்குத்தான் அந்தத் துண்டுகள். இதை எழுதும்போது இன்றைக்கும் கை கூசுகிறது.

மாமி வீட்டுக் கக்கூசு வளவின் கடைசி மூலையில் இருந்தது. முன்பு அதை மறைத்துக்கொண்டு தென்னைகளும் வாழைகளும் நின்றனவாம். சூறாவளி எல்லாவற்றையும் சாய்த்து வளவை மொட்டையடித்துவிட்டது. மாமி சமைக்கும் குசினி வாசலில் இருந்து பார்த்தால், வாளியோடு போகிறவன் எத்தனை தரம் போகிறான், எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறான் எல்லாம் தெரியும். புது மாப்பிள்ளைக்கு இதைவிட என்ன சோதனை வேண்டும்? நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். கக்கூசுக்குப் பக்கத்தில் ஒரு கொய்யாக் கன்று இருந்தது. ஒவ்வொரு முறையும் அதற்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போவேன். மாமி வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "எங்கட மருமகனுக்கு மரம் எண்டா உசிரு" என்று பெருமையாகச் சொன்னது ஒரு நாள் என் காதில் விழுந்தது. இரண்டு மாதத்தில் அந்தக் கன்று வேர் அழுகிச் செத்துப்போனது.

பள்ளிவாசலிலும் இதே கதைதான். தொழுகைக்குக் கைகால் கழுவிச் செய்த உளூ முறிந்தால் சட்டென்று எழுந்து போக வசதியாகக் கடைசி வரிசையில் கதவோரம் நிற்பேன். பெருமை இல்லாத மனிதர் என்று நாலு பேர் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

சாப்பாடுதான் என்னைக் கொன்றது. புது மாப்பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் பெண்ணின் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் இருந்து சாப்பாடு வரும். நெய்ச்சோறு, இறைச்சி ஆணம், கோழிப் பொரியல், பின்னால் வட்டிலப்பம். வேண்டாம் என்றால் அந்த வீட்டாரைக் குறை சொன்னதாகிவிடும். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். நோயை மறைத்துக் கலியாணம் முடித்தவன் என்று தெரிந்தால், என் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிடுவார்கள் என்று உறுதியாக நம்பினேன்.

என் நோயை முழுதாக அறிந்தவன் ஒருவன்தான் இருந்தான். கலியாணத்துக்கு இரண்டு வருடம் முன்பு மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டிலில் கிடந்தவன். கரைவலை இழுக்கிற தமிழன். எங்களுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். அவனுக்குக் குடலை வெட்டி, வயிற்றின் இடது பக்கத்தில் ஒரு வாய் திறந்து விட்டிருந்தார்கள். மலம் அதன் வழியாகத்தான் வரும். அதற்கு மேல் ஒரு பையைக் கட்டிக்கொண்டு திரிவான்.

நான் அங்கே போன இரண்டாம் நாள் கட்டிலிலேயே போய்விட்டது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தேன். மணம் பரவிக்கொண்டிருந்தது. அவன் தன் கட்டிலை விட்டு இறங்கி வந்து, தோய்த்து மடித்த தன் சாரனை என் தலைமாட்டில் வைத்தான்.

"மச்சான், இந்த வாட்டுல வெக்கப்பட்டா நாறித்தான் சாகணும். எழும்பு, நான் பிடிக்கிறன்."

அன்று தொடங்கிய மச்சான் உறவு அது. வீட்டுக்கு வந்த பிறகும் மாதம் ஒரு தடவை கிளினிக்குக்கு ஒரே பஸ்ஸில் போவோம். கல்முனையில் இருந்து மட்டக்களப்பு வரை எந்த இடத்தில் யார் வீட்டுக் கக்கூசில் விடுவார்கள் என்பது அவனுக்கு மனப்பாடம். களுவாஞ்சிக்குடியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரரைப் பழக்கம் பிடித்து வைத்திருந்தான். கிளினிக்கின் நீள வாங்குப் பலகையில் எங்களைப் போன்ற இன்னும் இரண்டு மூன்று பேர் வந்து சேர்வார்கள். டொக்டரிடம் கேட்க வெட்கப்பட்டதையெல்லாம் அந்த வாங்கில்தான் கேட்டுக்கொண்டோம். எதைச் சாப்பிட்டால் பை ஊதும், தோல் வெந்தால் என்ன பூசுவது, மாதுளங்கோது அவித்துக் குடித்தால் கட்டுமா, பெண்சாதி பக்கத்தில் படுப்பாளா.

"எனக்குப் பிரச்சினை இல்ல" என்பான் அவன். "மீன் மணத்துக்குள்ள என்ட மணம் ஆருக்குத் தெரியும்? நீதான் பாவம். சோக்குக் கட்டி மணத்துக்குள்ள என்னத்த ஒளிக்கிற?"

எனக்குக் கலியாணம் பேசியபோது அவன் சொன்னது ஒன்றுதான். "பொம்புளைக்கு முதலே சொல்லிப்போடு மச்சான்." ஓம் என்றேன். சொல்லவில்லை. கலியாணம் முடிந்த பிறகு கிளினிக்குக்குப் போவதையும் விட்டேன். மட்டக்களப்புக்கு எதற்கென்று மாமி கேட்டால் என்ன சொல்வது? என் குடலையும் வெட்ட வேண்டி வரலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதையும் மறந்ததுபோல இருந்தேன்.

நான் இரண்டு கிளினிக் தவறவிட்ட பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மாமியின் சகோதரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். முன் வாசலில் கதிரை போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தோம். வேலிக் கடப்படியில் அவன் வந்து நின்றான். கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பார்சல். வெயிலில் விசாரித்து விசாரித்து நடந்து வந்திருக்கிறான் என்று சேட்டைப் பார்க்கவே தெரிந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"மச்சான்..." என்று தொடங்கினான்.

நான் கதிரையில் இருந்து எழும்பினேன்.

"இண்டைக்கு மீன் வேணாம்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கதிரைகளில் இருந்தவர்களைப் பார்த்தான். விளங்கிக்கொள்ள அவனுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"சரி மாஸ்டர்" என்றான்.

அதற்குள் மாமி உள்ளே இருந்து கதவடிக்கு வந்துவிட்டார். "என்ன மீன் தம்பி? அந்தப் பார்சல்ல இரிக்கிறது என்ன?"

"அது விலைப்பட்ட மீன் உம்மா. வேற ஒரு நாளைக்குக் கொண்டாறன்."

திரும்பி நடந்தான். பை இருக்கிற பக்கத்தை முழங்கையால் அணைத்துக்கொண்டு நடப்பது அவன் பழக்கம். ஒழுங்கை முடியும் வரை அந்த முழங்கை எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

"சைக்கிளும் இல்ல, பெட்டியும் இல்ல. இது என்ன மீன்காரன்?" என்றார் மாமியின் மூத்த சகோதரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாரன் நனைந்தது, கட்டிலில் போனது, பஸ்ஸை மறித்து இறங்கி ஓடியது எல்லாம் என் உடம்பு எனக்குச் செய்தவை. அவற்றை இப்போது ஒருவாறு சொல்லிவிட முடிகிறது. அந்தச் சிரிப்பை நானே சிரித்தேன். அதை நினைத்தால் இருந்த இடத்தை விட்டு எழும்பி நடக்கத் தொடங்கிவிடுவேன்.

மூன்று கிழமை கழித்து வகுப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது கண் இருட்டி விழுந்தேன். காற்சட்டையெல்லாம் இரத்தம். பிள்ளைகள் கண்டார்கள், அதிபர் கண்டார், ஊரே கண்டது. மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் உடனே வெட்டினார்கள். கண் விழித்தபோது என் வயிற்றிலும் ஒரு வாய் இருந்தது.

மாமியும் மனைவியும் பக்கத்தில் இருந்தார்கள். பெட்டியை எப்போது வாசலில் வைப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு கிடந்தேன். மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"முதலே செல்லியிருந்தா வட்டிலப்பத்தத் தராம கஞ்சி காய்ச்சித் தந்திரிப்பனே மகன்" என்றார். அவ்வளவுதான்.

மனைவி மெல்லச் சொன்னாள். "கரும்பலகை துடைக்கிற துண்டுல ரெத்தம் எப்பிடி வந்த எண்டு நான் கேக்கல்ல. நீங்களாச் செல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்."

எந்தப் பயத்துக்காக அவனைக் கடப்படியில் இருந்து துரத்தினேனோ, அந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் இருந்திருக்கவில்லை.

வெட்டிய ஆறாம் நாள் அவன் வந்தான். பஸ்ஸில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறான். கையில் அதே பேப்பர் பார்சல். மாமிக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"இது நம்மட வாசலுக்கு வந்த மீன்காரத் தம்பி எலுவா?"

அவன் முதலில் என்னைத்தான் பார்த்தான். எப்படித் தொடங்குவது என்று எனக்கு வெட்கம்.

"ஓம் உம்மா, மீன்காரன்தான்" என்றான். "இஞ்சால ஒரு அலுவலா வந்த நான். மாஸ்டரையும் பாத்திட்டுப் போவம் எண்டு."

கலியாணத்துக்கு முன்பே எனக்கு நோய் இருந்தது என் வீட்டாருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரியாது. என் பொய்யை இன்னும் அவன்தான் காவல் காத்துக்கொண்டிருந்தான்.

"மாமி, இவர் மீன்காரன் இல்ல" என்றேன். "என்ட கூட்டாளி. இந்த வருத்தத்துல என்னப் பாத்தவர். அண்டைக்கு நான் பொய் செல்லித் துரத்தின."

மாமி தான் இருந்த கதிரையை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

பார்சலை அவிழ்த்தான். வலை பின்னுகிற நூலில் அவனே பின்னிய ஒரு இடுப்புப் பட்டி. பை நழுவாமல் பிடித்துக்கொள்ள. எனக்கும் வெட்ட வேண்டி வரலாம் என்று டொக்டர் சொன்ன நாளில் இருந்து பின்னிக்கொண்டிருந்தானாம். மாமி கேட்ட விலைப்பட்ட மீன் அதுதான். சேட்டைத் தூக்கித் தன் வயிற்றைக் காட்டி, எப்படிக் கழுவுவது, எப்படித் துடைப்பது, பட்டியை எந்த இறுக்கத்தில் கட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தான். என் அசுத்தத்தைத் தன் கையால் துடைத்தான். முகம் சுளிக்கவில்லை.

"வலிக்குதா மாஸ்டர்?" என்று கேட்டான்.

"என்ன மச்சான், மாஸ்டர் எண்டு கூப்பிடுறாய்" என்றேன்.

சிரித்தான். பட்டியின் முடிச்சைச் சரிபார்த்தான்.

அதன் பிறகு பல வருடம் அதே கிளினிக் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். பஸ் ஓடாத காலத்தில் ஒரே சைக்கிளில் போயிருக்கிறோம். அவன் பின்னிய பட்டி பிய்ந்து, இரண்டாவது பட்டியும் பின்னித் தந்தான். வாங்கில் இருக்கிற மற்றவர்கள் எல்லோரும் அவனுக்கு மச்சான்தான். எனக்கு மட்டும் மாஸ்டர், நீங்க, வாங்க. ஒரு நாள் பொறுக்க முடியாமல், என் மேல் இன்னும் கோபமா என்று கேட்டுவிட்டேன்.

"கோபம் என்னத்துக்கு மாஸ்டர்?" என்றான். "இப்பிடியே பழகிக்கிறன். இல்லாட்டி நாலு பேருக்கு முன்னால வாய் தவறி மச்சான் எண்டு வந்திரும்."